வேர் அறுத்த கீரை

டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதி அடுக்குமாடி ஒன்றின் வாசலில் ஆராயி கூடையை இறக்கும்போதே மேல்மாடி ஜெனிட்டா வருவது தெரிந்தது. வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது. ஆராயி அவசரமாக ஈரச் சாக்கை இழுத்துக் கீரைக்கட்டுகளை மூடினாள்.

“ரெண்டு கட்டு சிறுகீரை குடுங்கக்கா.”

“தீந்து போச்சு சாமி.”

“இப்பத்தான பஸ்ஸ விட்டு எறங்குனீங்க?”

“அது சொல்லி வெச்சவங்களுக்குக் கண்ணு.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கன்னு குடுக்க மாட்டீங்களா?” விளையாட்டுப் போலத்தான் கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

ஆராயி என்னவென்று சொல்லுவாள்? கீரையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் கட்டுவதுதான் வழக்கம். வேரில் மண் ஒட்டியிருந்தால்தான் புதுக்கீரை என்று நம்புவார்கள். இந்த வருஷம் அவள் வேரை அறுத்துவிட்டுக் கட்டுகிறாள். வேரெல்லாம் நீலம். கிணறு வற்றிவிட்டது. போர்வெல் போட்டதில் தண்ணீர் இல்லை, புழுதிப் புகைதான் வந்தது. மிச்சம் இருப்பது சாயப்பட்டறைக் கழிவு கலந்து வரும் ஓடைத் தண்ணீர். மனு கொடுத்ததற்கு ஆட்கள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள், அதோடு சரி. ஓடையோரத் தோட்டம் காடு எல்லாவற்றிலும் கீரைதான். ஒரு வார்த்தை வெளியே விட்டால் ஊரில் ஒருத்தி கூடையும் டவுனுக்குள் நுழையாது.

வேரில்லாத கீரை இங்கே எல்லோருக்கும் பிடித்துப்போனது. மண் இல்லை, அலசுவது சுலபம் என்றார்கள். ஆராயியும் விற்றாள். தன் வீட்டில் மட்டும் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. இந்த வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எடுத்துக் கொடுக்கவும் கை வரவில்லை.

வாசலின் அந்தப் பக்கம் கூடை வைத்திருந்த சரிதா கூப்பிட்டாள். அவள் ஆராயிக்குப் பக்கத்துக் காட்டுக்காரி.

“இங்க வாங்க கண்ணு. அந்தக்கா பெரிய ஏவாரி, ஆள் பாத்துத்தான் குடுக்கும். நாம அப்படி இல்லீங்க.”

ஜெனிட்டா போய் இரண்டு கட்டு வாங்கினாள். அதிலும் வேர் அறுத்திருந்தது. ஆராயி சரிதாவைப் பார்த்தாள். சரிதா பார்வையைத் திருப்பவில்லை.

“என்னையே மொறைச்சா? எங்கிட்ட இல்லீன்னா அந்தப் புள்ள இன்னொருத்திகிட்ட வாங்கும். நீங்க ஒருத்தி மூடி வெச்சு என்னாகப் போவுது?” என்றாள், ஆராயிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஜெனிட்டா படியேறத் தொடங்கியிருந்தாள். ஆராயிக்கு மனசு கேட்கவில்லை.

“கண்ணு, நல்லாக் கொதிக்க வெச்சு அந்தத் தண்ணியக் கீழ ஊத்திரு.”

“அய்யோ, சத்தெல்லாம் அதுலதானக்கா. ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டரு சாறோட குடிக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான உங்ககிட்ட அலையறேன்.”

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

“ஏனுங்க, ஒரு கட்டு எடுங்க.” கீழ்வீட்டு ஆள் எதிரில் வந்து நின்றார். ஆராயி சாக்கை விலக்கினாள்.