ஷெல்காற்று

"குடும்பத்தில ஆரும் திடீரெண்டு செத்திருக்கினமோ ஐயா?" என்று டொக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வன்னியில் வந்திருந்து கேட்கிற கேள்வியா இது?

"படுக்கையில கிடந்து செத்தவையைக் கேளுங்கோ, சொல்லிப்போடலாம்."

"மாமா!" என்று மருமகள் தாட்சாயினி பல்லைக் கடித்தாள்.

சாவைப் பற்றி விசாரிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. முகாமில் கேட்டார்கள். பிறகு வீடு தேடி வந்து கேட்டார்கள். கொடி கட்டிய வாகனங்களில் வந்தும் கேட்டார்கள். கேட்டு எழுதிக்கொண்டு போனதோடு சரி. எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான் வைத்திருக்கிறேன். மகன் பிரசாந்தன், ஷெல். அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.

பேத்தி யதுர்ஷிகா கட்டிலில் கால் நிலத்தில் முட்ட இருந்தாள். பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் அவளை விட உயரமான ஆள் இல்லை. கண் மங்குகிறது என்று கண்ணாடிக்குப் போன இடத்தில், கண்ணுக்குள் இருக்கிற வில்லை இடம் மாறிக் கிடக்கிறது, நெஞ்சையும் காட்டுங்கோ என்றார்கள். பிறகு ஸ்கான். பிறகு இந்தக் கிளினிக். அக்கராயனில் இருந்து விடிய வெளிக்கிட்டு வாங்கில் குந்திக் காத்திருந்ததில் என் நாரி, இடுப்பெலும்பு எல்லாம் விட்டுப்போயிருந்தது.

டொக்டரும் இளம் பிள்ளைதான். யதுர்ஷிகாவின் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொன்னார். பெருவிரல் மற்றப் பக்கத்தால் வெளியே எட்டிப்பார்த்தது. பிரசாந்தனும் சின்னனில் இப்படிச் செய்துகாட்டிப் பொடியளைச் சிரிக்கவைப்பான்.

"இந்த வருத்தத்துக்கு மார்பன் எண்டு பேர்."

"மார்புக்குள்ள வாறபடியா மார்பனோ?"

"இல்லை ஐயா, அது ஒரு வெள்ளைக்காரன்ர பேர்."

யதுர்ஷிகா சிரித்துவிட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"உடம்பை ஒண்டாக் கட்டி வைச்சிருக்கிற நார் இவவுக்குப் பிறப்பிலேயே தளர்வு. பரம்பரையா வாறது. இதயத்தில இருந்து வெளிக்கிடுற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. இப்ப இருக்கிற அளவுக்குக் குளிசை குடுத்துப் பாத்துக்கொண்டிருக்கலாம். ஆனா குடும்பத்தில ஆருக்கும் அந்தக் குழாய் கிழிஞ்சிருந்தா அப்பிடிப் பொறுத்திருக்க ஏலாது. நெஞ்சைத் திறந்து மாத்தவேணும். அதுதான் கேக்கிறன். இவவின்ர அப்பா எப்பிடிச் செத்தவர்?"

"ஷெல்."

"காயம் எங்க?"

காயம் இல்லை. அவனை நானே துடைத்துத்தான் குழிக்குள் இறக்கினேன். ஒரு கீறல் கிடையாது. ஷெல்காற்று அடித்துவிட்டது என்றார்கள் சுற்றி நின்ற சனங்கள். கிட்ட விழுந்தால் அந்தக் காற்றே ஆளை உள்ளுக்குள் சிதைத்துவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது. அப்படிச் செத்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நானும் நம்பினேன். அந்த நேரம் மனிசன் வேறு எதனால் சாவான்?

"ஷெல் எவ்வளவு கிட்ட விழுந்தது?"

தாட்சாயினி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கைக்குழந்தையோடு வேறு பங்கருக்குள் கிடந்தவள். நான் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். மே மாதம் வந்தால் விளக்குக் கொளுத்தி, கொன்றவர்களின் குலம் அழியவேண்டும் என்று மண்ணை அள்ளித் தூற்றுவாள். நானும் பக்கத்தில் நின்று தூற்றுவேன்.

அன்று பின்னேரம் சத்தம் ஓய்ந்திருந்தது. ஓய்ந்ததால்தான் அவன் வெளியே வந்தான். இதைச் சொன்னால் பிள்ளையின் நெஞ்சைப் பிளப்பார்கள். என் வாயை நம்பி. சொல்லாவிட்டால் குளிசையோடு வீட்டுக்குப் போகலாம்.

"ஷெல் விழேல்லை," என்றேன். "பங்கருக்கு மேல அடுக்கச் சேலையில தைச்ச மண்மூட்டை தூக்கினவன். முதுகு கிழியுதப்பா எண்டான். ரெண்டு தோளுக்கும் நடுவில. விழுந்திட்டான்."

டொக்டர் பேனையை எடுத்து எழுதினார். பிறகு மெல்லச் சொன்னார். "கொழும்புக்கு எழுதிறன் ஐயா. ஒப்பிறேசன் செய்யத்தான் வேணும். அதுவரைக்கும் விளையாட்டு, பாரம் ஒண்டும் கூடாது."

வெளியே வந்ததும் தாட்சாயினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அவரை ஒருத்தரும் கொல்லேல்லையோ மாமா?"

"மண்மூட்டை தூக்க வைச்சவங்கள் ஆர்?" என்றேன். அவள் கேட்டது அதையில்லை என்று எனக்குத் தெரியும்.

யதுர்ஷிகா சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் உள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நீட்டி நீட்டி நடந்துகொண்டிருந்தாள். தாட்சாயினி திடீரென்று ஓடினாள். ஓடிப்போய்ப் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கோ அம்மா, கிழியப்போகுது!"

தாய் விடவில்லை. மகளும் விடவில்லை. பின்னால் வந்த பஸ் ஹோன் அடிக்க அடிக்க, நடு றோட்டில் இரண்டு பேரும் அந்த வாரைப் பிடித்தபடி நின்றார்கள்.