எந்திரிக்கச் சொல்ல ஒரு ஆள்

ஸெலிக் உள்ளே வந்தாலே அந்த வீடு ஊமையாகிவிடும். துக்கக்காரர் முதலில் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது என்பது யூதர்களின் துக்க வீட்டு வழக்கம். ஃப்ரூமா அந்த வழக்கத்தைக் கடப்பாரை மாதிரி கையில் பிடித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் கெட்ஸலும் ஸெலிக்கும் கனடாவின் வின்னிபெக்கில் பழைய இரும்பு யார்டு நடத்திய கூட்டாளிகள். கிரேன் சங்கிலி அறுந்து பாய்லர் கெட்ஸல் மேல் விழுந்தது. அடக்கம் முடிந்ததிலிருந்து ஃப்ரூமா, துக்க முறைப்படி, கிழித்த சட்டையோடு, துணி போட்டு மூடிய கண்ணாடிக்குக் கீழே, குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஹிந்தாவோடு பேசிக்கொண்டிருப்பாள். வாசலில் ஸெலிக்கின் இருமல் கேட்டதும் பேச்சைப் பாதியில் முறித்துவிடுவாள். அவன் தினமும் வந்தான். கதவோரம் உட்கார்ந்து கையுறையைக் கசக்கிவிட்டுப் போனான்.

"அடியே, ஒரு வார்த்தை பேசித் தொலையேன்," என்றாள் ஹிந்தா, அவன் போனதும். "எனக்கு நாக்கு அரிக்குது. கல்யாணம் ஆனதிலேருந்து இவ்வளவு நேரம் நான் வாயை மூடினதில்ல."

"நான் பேசினா அவன் ஆறுதல் சொல்லுவான். அவன் வாயால எனக்கு ஆறுதலா? சங்கிலி தேஞ்சு போச்சுன்னு கெட்ஸல் சாப்பிடுறப்பல்லாம் புலம்பினாரு. மாத்த விடாதவன் எவன்?"

துக்க வாரம் முடியும் காலையில், வந்தவர்களில் ஒருவர் 'எழுந்திரு' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் துக்கக்காரர் எழுந்து வெளியே போய்த் தெருவைச் சுற்றி வர வேண்டும். ஹிந்தா சொல்வதாக இருந்தது. ராத்திரி கொட்டிய பனி அவள் வாசலை அடைத்துவிட்டது. ஜன்னலிலிருந்து கையை மட்டும் ஆட்டினாள். இடுப்பளவு பனியில் வந்து சேர்ந்தவன் ஸெலிக் ஒருத்தன்தான்.

கதவோரம் உட்கார்ந்தான். கால்சட்டையில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் குளம் கட்டியது. ஃப்ரூமா பேசாமல் அவன் பேச முடியாது. அவன் சொல்லாமல் இவள் எழ முடியாது. முட்டி மரத்துப் போயிருந்தது. இந்த முக்காலியிலேயே கிடந்து செத்தால் என்ன என்று தோன்றியது. கெட்ஸல் பார்த்தால் காறித் துப்புவார் என்றும் தோன்றியது.

"சங்கிலியை மாத்தச் சொன்னாரா, இல்லையா?"

ஸெலிக் தலையைத் தூக்கினான். "சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"இந்த லோடு ஏறட்டும், அப்புறம் பாக்கலாம்னேன். நான் கிரேன்ல இருந்தேன், அவரு கீழ நின்னாரு. ஃப்ரூமா, நான்..."

"அழுதா மண்டையை உடைப்பேன். இந்த வீட்டுல அழறது என் பாத்தியதை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லு."

"எந்திரிங்க," என்றான்.

அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். துக்க வாரத்தில் தொடக்கூடாத தோல் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியை உதைத்து வழி பண்ணி நடந்தாள். அவள் காலடித் தடத்திலேயே அவன் பின்னால் வந்தான். பின்தெருவில் யார்டு. கிரேனில் அறுந்த சங்கிலி இன்னும் தொங்கியது.

"அதை இறக்கு. இன்னைக்கே புதுசு மாட்டு. நாளைக்குக் கீழ நின்னு கொக்கி போடப்போறது நான்."

"நீங்களா? அது ஆம்பளைங்க வேலை..."

"மேல நீ இருப்ப. என் தலைக்கு மேல இரும்பைத் தூக்குறப்போ உன் கை எப்படி நடுங்குதுன்னு தினமும் பாக்கணும்."

"ஃப்ரூமா, என்னை மன்னி..."

"கேக்காத. யார்டு சாவியைக் குடு."

குடுத்தான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த தெருவைச் சுற்றப் போனாள்.