ஃப்ரீசரில் நாலு ஓட்டை

லெம்பி கூப்பாலாவை நல்லவள் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. எங்கள் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். நாங்கள் படியில் பனியைத் தள்ளும் சத்தம்கூட அவளுக்கு ஆகாது. ஆனால் அப்பா வேலை பார்த்த பிளைவுட் ஆலை மூடிய குளிர்காலத்தில் எங்கள் வயிறு நிறைந்தது அவளால்தான்.

வேலை போன பிறகும் அப்பா தானமாக வந்த எதையும் தொடமாட்டார். சர்ச்சிலிருந்து வந்த உணவுப் பையை நன்றி சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். உள்ளே நானும் தங்கை ராய்லியும் வெறும் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம்.

அப்போதுதான் லெம்பி வந்தாள், நாளிதழில் சுற்றிய கடமான் கறியோடு. ஊர் வேட்டைக் குழுவில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு.

"தௌனோ," என்றாள் அப்பாவிடம், "என் ஃப்ரீசர் செத்துப்போச்சு. கறி கெட்டுடும். உன் வீட்ல போடறதா, குப்பையில போடறதா? சீக்கிரம் சொல்லு."

குப்பையில் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமும் ஃப்ரீசர் செத்திருந்தது. அதற்கடுத்த வாரமும்.

வாங்கியதை உழைத்துத் தீர்க்காவிட்டால் எங்கள் ஃபின்லாந்து ஆட்களுக்குத் தூக்கம் வராது. ஒரு சனிக்கிழமை அப்பா கருவிப்பெட்டியை எடுத்தார். ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்.

"லெம்பியக்கா ஃப்ரீசரைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. ஃப்ரீசர் நன்றாக ஓடுவது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் கறி அன்றோடு நின்றுவிடும். அவர் பூட்ஸ் மாட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "வர்றாரு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். சுவருக்கு அப்பால் டமால் டமால் என்று சத்தம் கேட்டது.

நாங்கள் எல்லோரும் போனோம். லெம்பி மூச்சு வாங்கியபடி கதவைத் திறந்தாள். கையில், உறைந்த ஏரியில் மீன்பிடிக்கத் துளை போடும் கடப்பாரை.

அப்பா ஃப்ரீசருக்குப் பின்னால் குனிந்தார். உஸ்ஸென்று வாயு போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இதுல நாலு ஓட்டை இருக்கு."

"பழைய பெட்டி. துரு அரிச்சிருக்கும்."

"துருவையே காணோமே. ஓட்டை பளபளன்னு இருக்கு."

"ரிப்பேர் பண்ண வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

அப்பா மூடியைத் திறந்து ஒரு கறிக்கட்டியைத் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டினாற்போல் இருந்தது. அம்மா தரையைப் பார்த்தாள்.

"வெளிய பனியில வெச்சா கெடாதே, அத்தை?" என்றாள் ராய்லி.

வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. ஃபின்லாந்து முழுக்கவே ஃப்ரீசராகத்தான் இருந்தது. அதுவரை பெரியவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

அப்பா கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெளிய வெச்சா நரி தூக்கிட்டுப் போயிடும்" என்றாள் லெம்பி.

எங்கள் தெருவில் நான் நரியைப் பார்த்ததே இல்லை.

"ஆமா" என்றார் அப்பா. "இந்த வருஷம் நரித் தொல்லை ஜாஸ்தி." கருவிப்பெட்டியை மூடினார். "இதை என்னால சரி பண்ண முடியாதுக்கா."

"பெரிய மெக்கானிக்கு" என்று சொல்லி, லெம்பி அவர் கையில் கறிக்கட்டிகளை முகவாய் வரைக்கும் அடுக்கினாள். "தூக்கிட்டுப் போறதையாவது ஒழுங்காப் பண்ணு."