'மாடி' என்பதைக் 'கீழ்த்தளம்' என்று வாசிக்கவும்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருக்கிறவர் எழுந்து ஓட முடியாது. அதனால் அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து, பார்வை மங்கி வந்தவர்கள் எல்லாரும் முப்பது வருஷத்துக்கு முந்தைய பாப் பாட்டு வரலாற்றைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.

புத்தகம் 'நீலக்கதவு' என்ற கிளப்பைப் பற்றியது. எங்கள் ஊரில் பாப் பாட்டில் பேர் எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் பாடினார்கள். எழுதியவர், கிளப்பை மூடி மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவர். அதனால்தான் அவருக்கு எல்லாம் அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது போல.

என்னவர் அந்தக் கிளப்புக்கு நேரடிச் சாட்சி. "ஒரு சனிக்கிழமை விட்டதில்ல" என்று கல்யாணமான முதல் வாரம் என்னிடம் சொன்னவர், அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரையும் விட்டதில்லை. கடையில் அவருக்குப் பேரே சனிக்கிழமை. எங்கள் மகள் ஒரு பாட்டுக்குழுவில் டிரம்ஸ் அடிக்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் அவள் அப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நீலக்கதவுக்கு வருகிறவர்களின் மழைக்கோட்டையும் குடையையும் வாங்கி மாட்டிவிட்டு டோக்கன் கொடுத்தவள் நான். இரண்டு வருஷம், ஒரு சனிக்கிழமை விடாமல். வீட்டில் தட்டச்சு வகுப்பு என்று சொல்லியிருந்தேன். இன்றுவரை எனக்குத் தட்டச்சு வராது. அந்த இரண்டு வருஷத்தில் இவர் மூஞ்சியை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். புது மாப்பிள்ளை முகம் கறுக்க வேண்டாம் என்று வாயை மூடினேன். இருபத்தெட்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வருகிறவர் அவர். எடுத்துப் பரிமாறி வருகிறவள் நான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், புத்தகம் அருமை. இப்போது எனக்குச் சலவைக் கடையில் வேலை, அன்றும் இன்றும் டோக்கன்தான். ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் வைத்து வாசித்தேன். ஒரே டிரம்ஸை மூன்று குழுக்கள் மாற்றி மாற்றி அடித்தது, பாட்டு மறந்துபோன பாடகி கடைசிச் சரணத்தை வெறுமனே முனக, அந்த முனகலே ஊரெல்லாம் பிரபலமானது எல்லாம் அதில் இருந்தது. சிரித்த சிரிப்பில் ஒரு வாடிக்கையாளரின் சட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில்தான் தடுக்கி விழுந்தேன். 'மாடியிலிருந்த ஆடுதளத்துக்கு' என்று போட்டிருந்தது. மாடியாவது மண்ணாங்கட்டியாவது! ஆடுதளம் கீழ்த்தளத்தில் இருந்தது. அதே பக்கத்தில் இன்னொன்று: 'கோட்டு வாங்கி வைக்கும் பெண், பெயர் தெரியவில்லை, யாரையும் பார்த்துச் சிரித்ததே இல்லை.' இரண்டு கையிலும் ஈரக் கோட்டு சுமந்தால் எவளுக்குச் சிரிப்பு வரும்? இரண்டு தவறையும் எழுதி, பேர் போடாமல் ஆசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன்.

பதினைந்து நாளில் நூலகத்தில் ஞாயிறு காலைக் கூட்டம். ஆசிரியர் வருகிறார், கூட மேடையில் 'நீலக்கதவின் நேரடிச் சாட்சி'. மகள் தன் குழுவையே கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்னவர் எந்தத் தகவலையும் பட்டும் படாமலும்தான் சொல்லிவந்தார். இப்போது கையில் புத்தகம் இருக்கும் தைரியம்.

"மாடிக்கு மொத்தம் பதினாறு படி," என்றார் மைக்கில். "ஒவ்வொரு சனிக்கிழமையும் மூச்சு வாங்க ஏறுவேன்."

நுணலும் தன் வாயால் கெடும். ஆசிரியர் தயங்கித் தயங்கி ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். "சார், மன்னிக்கணும். புத்தகத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு. யாரோ பேர் போடாம எழுதியிருந்தாங்க. ஆடுதளம் மாடியில இல்லையாம், கீழ்த்தளத்துலயாம்." பிழைதிருத்தச் சீட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. நான் எழுதியதில் பாதிதான் அச்சாகியிருந்தது. என் சிரிப்பை யாரும் திருத்தவில்லை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் சீட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. கடிதம் எழுதிய கையை உடைத்துப் போடலாம் போல இருந்தது. எழுந்தேன்.

"படி ஏறினது சரிதான்," என்றேன். "தெருவிலேருந்து ஏறி வந்துதான் கோட்டைக் குடுக்கணும். அப்புறம்தான் கீழ இறங்கணும். இவர் கோட்டை நான்தான் வாங்கி வைப்பேன். டோக்கன் பதினேழு."

ஏறுவது நிஜம். படி நாலுதான்.

"அந்தச் சிரிக்காத பொண்ணு நீங்கதானா!" என்று ஆசிரியர் துள்ளினார். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக் காட்டினேன். மகள் எழுந்து வந்து, "அம்மா, நீயுமா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னவர் மட்டும் மேடையில் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கையெழுத்து வாங்க நின்றுவிட்டாள். நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம்.

"டோக்கன் பதினேழா?" என்றார்.

"வாய்க்கு வந்துச்சு."

"அப்ப உனக்கு..."

"கல்யாணமான முதல் வாரத்துலேருந்தே தெரியும்."

குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவ வந்தேன்," என்றார். "அண்ணனோட ஷூ. பெருசா இருந்துச்சு, உள்ள பேப்பர் திணிச்சிருந்தேன். வாசல்ல இருந்தவன் ஷூவைப் பார்த்தான், போடான்னுட்டான். போக மனசு வரல. நடைபாதையிலேயே நின்னேன், மழையில. பாட்டு காதுல கேக்கல, கால்ல கேட்டுச்சு. தரையே அதிர்ந்துச்சு. மூணு பாட்டு நின்னேன்."

"அப்ப கீழ்த்தளம்னு உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும். ஆனா புத்தகத்துல மாடின்னு போட்டிருந்துச்சே. அச்சுல இருக்கு, உள்ள போனவங்களைக் கேட்டுத்தானே எழுதியிருப்பான்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் மட்டும் என்னவாம்," என்றேன். "ரெண்டு வருஷம். கவுன்ட்டரை விட்டு நகர முடியாது. ஒருநாள்கூட கீழ இறங்கினதில்ல. எனக்கும் கால்லதான் கேட்டுச்சு."

இந்தத் தடவை அவர் என் செருப்பைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வந்தது.

"ஆசிரியருக்கு எழுதிப் போடேன்," என்றார். "அடுத்த பதிப்புல சேத்துக்கட்டும்."

"வேண்டாங்க," என்றேன். "அச்சுல போட்டா நம்மையும் மாடியில ஏத்திடுவாங்க."