குரங்குத் தொண்டையில் குடியிருப்போர்

“அந்தக் குரங்குக்கு ஒடம்பு சரியில்லன்னு யார் சார் சொன்னா? காலைல என் துப்பட்டாவப் புடிச்சு இழுத்த இழுப்புல நான் போய்க் கூண்டுலயே முட்டிக்கிட்டேன்!”

“நான் சொல்லல அம்மு. உன் பிளேட்டே சொல்லுது,” என்றார் பத்மநாபன்.

அவர் புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கால்நடை மருத்துவர். அம்மு எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கிருமிகளைப் பிளேட் என்கிற மூடிபோட்ட சின்னத் தட்டுகளில் வளர்த்துப் பார்க்கும் பிரிவில் சேர்ந்தவள். சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வருபவள். தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் அட்டகாசம் பண்ணியதற்காகப் பிடித்து வந்த குரங்குக் கூட்டம் பின்கட்டில் இருந்தது. சனிக்கிழமை டெம்போவில் ஏற்றி மலைக்காட்டில் விட வேண்டும். மழை இறங்கிவிட்டால் பாதை சேறாகிவிடும். பிறகு தீபாவளி வரைக்கும் கூண்டுதான். இந்த நேரம் பார்த்து சார், எல்லாவற்றின் தொண்டையிலும் கிருமி இருக்கிறது, மருந்து கொடுத்து முடித்துத்தான் அனுப்புவேன் என்கிறார்.

“சார், இத்தன நாளும் சீக்கு வந்த குரங்கத்தான் சோதிச்சோம். எது வளந்தாலும் அதுதான் குத்தவாளின்னு புடிச்சு உள்ள போட்டோம். நல்லா இருக்கற குரங்கு தொண்டைல என்ன இருக்கும்னு யாரு பாத்தோம்?”

“கிருமி கிருமிதாம்மா.”

“அதுங்க பரம்பரைக் குடித்தனக்காரங்க சார். மருந்தக் குடுத்துக் காலி பண்ணினா, அந்த எடத்துல எவனாவது ரவுடி வந்து உக்காருவான். குரங்குக்கு வயித்தால வேற போகும்.”

“வாயாடி! சரி, எல்லா பிளேட்டையும் கொண்டா.”

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் கண் நிலைகுத்தியது.

“இதப் பாரு! இருக்கறதுலயே இதுதான் மோசம். இந்தக் குரங்க மொதல்ல தனியா அடை. கிட்ட யாரும் போகக்கூடாது.”

அம்மு பிளேட்டைத் திருப்பி அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தன் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து வளர்த்திருந்தாள். அது எப்படியோ குரங்குகளின் அடுக்கில் சேர்ந்துவிட்டது. சிரிப்பு பீறிட்டு வந்தது.

“சார்… அது நான்.”

“என்னது?”

“ஜுரம் இல்ல, இருமல் இல்ல. இப்பத்தான் ரெண்டு வடா பாவ் அமுக்கிட்டு வர்றேன். அடைங்க சார், எந்தக் கூண்டு?”

பத்மநாபன் பிளேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் தொப்பைதான் குலுங்கியது. அப்புறம் ஆளே குலுங்கினார்.

“அரே, என் தொண்டைலயும் எடு, பாத்துடுவோம்!”

மறுநாள் அவருடைய பிளேட்டிலும் அதே கூட்டம் அமோகமாக விளைந்திருந்தது. பேரன் போட்டோவைக் காட்டுவது போல அதை வராந்தாவில் எல்லோரிடமும் காட்டினார். பிறகு குரங்குகளை மறுபடி தலை முதல் வால் வரை சோதித்தார். தும்மல்கூட இல்லை. மருந்துப் பேச்சை விட்டார்.

சனிக்கிழமை மலை மேல் கூண்டுக் கதவு திறந்ததும் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்தான் முதலில் நாவல் மரத்துக்குத் தாவியது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும். கிளைகள் கூத்தாடின. அம்முவும் கீழே நின்று குதித்தாள்.

திரும்பும் வழியில் அவளுக்குப் புதுச் சந்தேகம் முளைத்தது. கேட்கலாமென்றால் சார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது: இத்தனை நாள் நம் கையால் தின்று, நம் மூச்சுக்காற்றில் கிடந்ததில் அதுகளின் கிருமிக் கூட்டம் கொஞ்சம் நம்முடையது போல மாறியிருக்குமோ? காட்டுக் காய்கனி தின்னத் தொடங்கியதும் பழைய கூட்டமே திரும்பி வந்துவிடுமோ? நீங்க என்ன நினைக்கிறீங்க?