பாய் வரவில்லை

கிருஷ்ணஸ்வாமி பதினோரு வருஷமாக நகைச்சுவைக் கதைகள் எழுதிவந்தார். ஒரு தடவைகூட யாரும் சிரித்ததில்லை.

புனேயில் ஒரு வங்கியில் அதிகாரி. அவர் சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய நாற்பத்தொரு கதைகளும், அவரே தபால்தலை ஒட்டி வைத்த உறையில், மிகுந்த நாணயத்தோடு திரும்பி வந்தன. வீட்டில் வாசகர் வட்டம் சிறியது. மகன் அனிருத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பான். அவன் நகைச்சுவை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும். மனைவி சாவித்ரி கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "எங்கெங்க சிரிக்கணும்னு பென்சில்ல ஒரு கோடு போட்டுக் குடுத்துடுங்கோ" என்பாள்.

பணம், பட்டம் எதுவும் அவர் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் தன் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

1993 மழைக்காலத்தில் நாற்பத்திரண்டாவது கதை பிறந்தது. அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சக்குபாய், அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் என்று சொல்லிப் பாராமதிக்குப் போய் ஆறு நாள் தங்கிவிட்டாள். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணை மராத்திக்காரர்கள் 'பாய்' என்பார்கள். புனேத் தமிழர்களும் அப்படித்தான். மாடிப்படியில் இரண்டு தமிழ் மாமிகள் சந்தித்தால் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை, "உங்காத்துல பாய் வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஆறு நாள் பாத்திரத் தொட்டியின் நிலவரத்தைக் கிருஷ்ணஸ்வாமி மிகையாக எழுதினார். தலைப்பு: 'பாய் வரவில்லை'.

வாரப் பத்திரிகை இரண்டு திருப்பி அனுப்பின. மூன்றாவதாக ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினார். அது கதைகளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று அறிவித்திருந்ததுதான் காரணம். திரும்பி வராத கதை என்று ஒன்றாவது இருக்கட்டுமே.

சிற்றிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. பம்பாய்க் கலவரம் நடந்த வருஷம் அது. சென்னையில் பாய் என்றால் ஒன்று படுக்கிற பாய், இல்லாவிட்டால் முஸ்லிம் பெரியவர். படுக்கிற பாய் வருவதும் இல்லை, வராமல் போவதும் இல்லை. ஆகவே இது தினமும் வந்துகொண்டிருந்து திடீரென்று வராமல் போன ஒரு முஸ்லிம் நண்பரைப் பற்றிய கதை என்று முடிவாயிற்று.

இலக்கணமும் கைகொடுத்தது. 'வந்தாள்' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் கதை முழுக்கப் பாய் வரவே இல்லை. 'வரவில்லை' என்பதற்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. 'மூன்று நாளாகப் பாய் வரவில்லை. வீடு வீடாக இல்லை.' 'நாங்கள் என்ன சொல்லிவிட்டோம்?' 'இந்தக் கறையைப் பாய் வராமல் யார் போக்குவது?' வந்திருந்தால் துணுக்கு. வராததால் இலக்கியம்.

விமர்சகர் பொழிலரசன் பதினான்கு பக்கத்துக்குக் கட்டுரை எழுதினார். அடிப்பிடித்த சாம்பார்ச் சட்டி இந்திய வரலாறாம். தேய்க்கப்படாத குக்கர் அரசியல் சட்டமாம். அதன் விசில் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் அவர் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருந்தார்.

வாசகர் கடிதங்கள் வந்தன. பதினேழு பேர். பதினேழு பேரும் அழுதிருந்தார்கள்.

"சக்குபாயைப் பத்தி எழுதினேன்னு ஒரு கார்டு போட்டுடுங்கோளேன். பாவம், கண்ணைக் கசக்கிண்டிருக்கா எல்லாரும்" என்றாள் சாவித்ரி.

"போடலாம். ஆனா பொழிலரசன் நாப்பத்திரண்டு கதையையும் புஸ்தகமாப் போடறேன்னு எழுதியிருக்கார். கார்டு போட்டா புஸ்தகம் போயிடும்."

"அதையும் படிச்சுட்டு எல்லாரும் அழுவா. உங்களுக்கு அதுதான் வேணுமா?"

புகழ் வந்ததிலிருந்து கிருஷ்ணஸ்வாமி அதிகம் பேசுவதில்லை. யாராவது கதையைப் பற்றிக் கேட்டால் ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்தார். அது வசதியாகவும் இருந்தது, ஆழமாகவும் இருந்தது. தாடி வளர்த்தார். லக்ஷ்மி ரோட்டில் ஒரு ஜோல்னாப் பை வாங்கி, அதில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். தமிழ் மன்றத்தில் அவர் நுழைந்தால் சிலர் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவரும் கதையைப் படித்திருக்கவில்லை. அந்தச் சிற்றிதழ் புனேக்கு வருவதில்லை என்பதால் மரியாதைக்கு எந்தப் பங்கமும் நேரவில்லை.

ஒரே ஒரு சங்கடம். நாற்பத்து மூன்றாவது கதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு வேடிக்கையான வரி தோன்றினால், இதற்குப் பொழிலரசன் என்ன சொல்வார் என்று கூடவே தோன்றியது. அடித்துவிட்டார்.

பொழிலரசனின் இலக்கிய அமைப்பு 'பாய் வரவில்லை'யை ஆண்டின் சிறந்த கதையாகத் தேர்ந்தெடுத்தது. கேடயத்தைப் புனேக்கே வந்து தருவதாகச் சொன்னார். மன்றச் செயலாளர் விச்சு, பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், எதையும் இரண்டு டோஸாகக் கொடுக்கும் பழக்கமுள்ளவர். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"சார், பொழிலரசன் ஃபோன் பண்ணார். மேடையில ஒரு பாயை உக்கார வைக்கணுமாம். நல்லிணக்கம் கண்ணுக்குத் தெரியணும்னார். கேம்ப் ஏரியாவுல தோல் வியாபாரம் பண்றாரே, நம்ம ஆம்பூர்க்காரர் இஸ்மாயில், அவர்கிட்ட பேசிட்டேன்."

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"உங்களைப் பத்திக் கதை, வாங்கன்னேன். தன்னைப் பத்தி எவன் எழுதினான்னு கேட்டார். வந்தா தெரியும்னேன். அப்புறம் சார், நீங்களே கதையை முழுக்கப் படிக்கறேள். மன்றத்துல யாருமே படிச்சதில்லை பாருங்கோ."

உள்ளேயிருந்து சாவித்ரி சிரித்த சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஆனால் அது கதைக்காக இல்லை.

கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மசால் வடை உண்டு என்று சுற்றறிக்கையில் போட்டிருந்ததால் இருநூறு பேர். மேடையில் பொழிலரசன், விச்சு, கிருஷ்ணஸ்வாமி, ஓரமாக முகமது இஸ்மாயில். வெள்ளைச் சட்டை, தொப்பி, பெரிய உடம்பு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாதவருக்கு உரிய பொதுவான புன்னகை. பொழிலரசன் முக்கால் மணி நேரம் பேசினார். இஸ்மாயிலின் கையை இருமுறை பிடித்துக்கொண்டு, "எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றார். இஸ்மாயில், "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்றார். எது பரவாயில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

கிருஷ்ணஸ்வாமி பொன்னாடையோடு எழுந்தார். நிதானமாக, துக்கமாகப் படித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய் வரவில்லை."

மூன்றாவது வரிசையில் ஒரு மாமி, "உங்காத்துலயுமா?" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மூன்று நாளாகப் பாய் வரவில்லை. வீடு வீடாக இல்லை." சிரிப்பு இரண்டு வரிசை பின்னால் போயிற்று. "வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பாயோ? இல்லை, பால்காரன்." ஹால் முழுக்கச் சிரித்தது. சாம்பார்ச் சட்டி வந்தபோது ஒருவர் வடை புரையேறி வெளியே போனார். கிருஷ்ணஸ்வாமியின் குரல் தானாகவே துக்கத்தைக் கைவிட்டது. பதினோரு வருஷமாகத் தேடிய சத்தம் அது.

பொழிலரசன் துள்ளி எழுந்து மைக்கைப் பிடித்தார். "நிறுத்துங்கள்! ஒரு சமூகத்தின் கண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே! அதுவும் அந்தச் சமூகத்தின் பெரியவர் ஒருவர் மேடையில் இருக்கும்போது!"

எல்லோரும் இஸ்மாயிலைப் பார்த்தார்கள். இஸ்மாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு குலுங்கியது.

"பாருங்கள், அழுகிறார்" என்றார் பொழிலரசன்.

"அளுவலீங்க," என்றார் இஸ்மாயில் மூச்சு வாங்கியபடி. "எங்க வூட்லயும் பாய் வெள்ளிக்கெளமையிலேர்ந்து வரலீங்க. நம்ம வூட்டம்மா சட்டியைக் காட்டிக் காட்டித் திட்டுது. இவரு அப்படியே எளுதியிருக்காரு. எந்த வூட்டு ஜன்னல்ல பார்த்தீங்க, சாமி?"

ஹால் இடிந்து விழாத குறை. பொழிலரசனுக்கு விச்சு காதில் விளக்கினார். பொழிலரசனின் முகம் மேடையில் மூன்று நிறம் மாறியது. அவர் திரும்பினார்.

"கிருஷ்ணஸ்வாமி, நீங்களே சொல்லுங்கள். பாய் யார்?"

கேடயம் மேஜைமேல் இருந்தது. நாற்பத்திரண்டு கதைகளும் இருநூற்றெண்பது பக்கம் வரும் என்று அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். அட்டைக்குப் புகைப்படம்கூட எடுத்தாகிவிட்டது, ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்ப்பதுபோல. ஒரு தடவை அப்படிப் பார்த்தால் போதும், எல்லாம் பிழைக்கும். ஹாலில் ஜன்னல்களும் ஏராளமாக இருந்தன.

அவர் இஸ்மாயிலைப் பார்த்தார்.

"சக்குபாய். எங்காத்துல பாத்திரம் தேய்க்கறவ. இது நகைச்சுவைக் கதை சார்."

கைதட்டல். பொழிலரசன் ஒரு கிளாஸ் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். அவர் கிளாஸைக் கீழே வைத்தபோது தெளிந்திருந்தார்.

"நண்பர்களே, இப்போதுதான் இந்தக் கதையின் முழுப் பயங்கரமும் புரிகிறது. உழைக்கும் பெண் ஒருத்தி. ஆறு நாள். அவள் முகம் கதையில் இல்லை. குரல் இல்லை. அவள் இல்லாததைப் பற்றித்தான் கவலை, அவளைப் பற்றி இல்லை. இதைக் கேட்டுத்தான் நீங்கள் சிரித்தீர்கள்."

"இல்ல சார், நான் சிரிக்கறதுக்குத்தான்..." என்றார் கிருஷ்ணஸ்வாமி.

"அதை முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியர் இல்லை. விருது உறுதி. புத்தகமும்."

இருநூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வடைத் தட்டுகள் நாற்காலிக்கு அடியில் போயின. மூன்றாவது வரிசை மாமி கைக்குட்டையை எடுத்தாள். கிருஷ்ணஸ்வாமி நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தார். குக்கர் விசில் வந்தது. கதையிலேயே சிறந்த வரி அது. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

இஸ்மாயில் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பொழிலரசனின் செந்தமிழ் பாதிக்கு மேல் பிடிபட்டிருக்கவில்லை.

கிருஷ்ணஸ்வாமி மைக்கை விட்டு விலகினார். நாற்காலியை இழுத்து இஸ்மாயிலுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மீதி நாலு பக்கத்தையும் அவருக்கே படித்தார். "அட, பாவிங்களா!" என்று இஸ்மாயில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவையாவது சொன்னார்.

பொழிலரசன் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டிருந்தார்: 'சபைக்கு முதுகு காட்டி வாசித்தல். எதிர்ப்பின் புதிய வடிவம்.'