நரியைக் கடித்த கடுகு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா.

அக்கா குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் சிலரை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்து, கோபம் வந்தால் என்ன செய்யலாம், அழுகை வந்தால் யாரிடம் சொல்லலாம் என்று விளையாட்டாகவே பழக்குவாள்.

"டேய், நீ கதைதானே எழுதுற? என் பசங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடு. கோபம் வரணும், ஆனா கடிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"யாரு கடிக்கக் கூடாது?"

"ஆமைடா. கைப்பொம்மை வெச்சு ஆடிக் காட்டுற கதை. கடைசில ஆமை சிரிக்கணும். உன் வழக்கமான முடிவெல்லாம் அங்க வேணாம்."

நான் பெரியவர்களுக்கு எழுதுகிறவன். என் கதைகளுக்கு முடிவு இருக்காது. அதற்காகவே விமர்சகர்கள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், இரண்டு பேர். (ஒருவன் என் நண்பன். இன்னொருவர் வேறு யாருடைய கதையையோ படித்துவிட்டுப் பாராட்டினார்.)

2

எப்படித் தொடங்குவது?

"அந்த அறையில் நான்கு குட்டி எரிமலைகள்

(வேண்டாம். எரிமலை என்று எழுதினால் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள். "அதுங்க குழந்தைங்கடா, பூகோளப் பாடம் இல்ல.")

"கோபம் என்பது மனித மனத்தின்

(இதுவும் வேண்டாம். அது மனத்தின் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நாலு வயதில் அதற்கு ஒரே அர்த்தம்: அவன் என் கட்டையை எடுத்துட்டான்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தரை முழுக்க ரப்பர் பாய். மூலையில் தலையணைகள். ஒரு பக்கம் பாதித் திரை போட்ட கண்ணாடி. அதற்குப் பின்னால் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி கஷ்டம்.

3

இப்போது என் கதாநாயகி, அக்காவிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்தி. இவளை எழுதலாமா, கூடாதா என்று எனக்கு இன்னும் தயக்கம்தான். அடுத்த வீட்டுக் குழந்தையாக மாற்றிப் பார்த்தேன். கிழவியாகக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை, அவள் அவளாகத்தான் வந்து நின்றாள்.

அவள் அம்மா அவளைக் கூப்பிடுவது கடுகு என்று. உருவம் அப்படி. வெடிப்பதும் அப்படியே. மற்றபடி தங்கமான பிள்ளை. கோபம் வந்தால் மட்டும் கடித்துவிடுவாள். அழமாட்டாள், கத்தமாட்டாள், முன்னறிவிப்பே கிடையாது.

அவள் போகும் மழலையர் பள்ளியில் ஏகப்பட்ட புகார். தலைமை ஆசிரியை நல்ல மனுஷிதான், ஆனால் கடிபட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் அவர்தானே பதில் சொல்லவேண்டும்? "இன்னும் ஒரு ஆளைக் கடிச்சா வேற இடம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் பார்த்தாயிற்று; எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கடுகின் அம்மா பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். விடிந்ததும் வேலை. வீட்டில் வேறு ஆள் இல்லை. பள்ளி போனால் வேலையும் போகும்.

(கதைக்கு இவ்வளவு கனம் வேண்டாம் என்று பார்த்தேன். நடந்ததை நான் என்ன செய்ய?)

4

நான் எழுதிக் கொடுத்தது இது. ஆமை கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது. நரி வந்து சிவப்புக் கட்டையைக் கவ்விக்கொள்கிறது. ஆமைக்குக் கோபம். ஓட்டுக்குள் தலையை இழுத்து, மெதுவாக மூச்சு விட்டு, வெளியே வந்து சிரிக்கிறது. சுபம்.

அக்கா கையில் ஆமை, என் கையில் நரி, இரண்டும் கையுறைபோல மாட்டிக்கொள்ளும் துணிப் பொம்மைகள். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

"கட்டை எங்க?" என்றது ஒரு குரல். கடுகு.

"கதை முடிஞ்சுது கண்ணா. ஆமை எப்படி மூச்சு விட்டுச்சு பார்த்தியா?" என்றாள் அக்கா.

"கட்டை நரிகிட்ட இருக்கு!" மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எதிலுமே ஒத்துப்போகாத கூட்டம், இதில் மட்டும் ஒற்றுமையோ ஒற்றுமை.

"அக்கா, அடுத்த வாரம் மாத்தி எழுதிடவா?"

"மாத்தவே கூடாது. ஒரே கதையை அப்படியே திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் பழகும். எங்க முறை அது."

எழுத்தாளனுக்கு இதைவிட இனிப்பான சொல் உண்டா? திருத்த வேண்டாமாம்! ஆக, வாராவாரம் நரி கட்டையைத் திருடியது, வாராவாரம் ஆமை இளித்தது, வாராவாரம் கட்டை போனது போனதுதான். திருடனைக் கேள்வி கேட்பாரில்லை. பிள்ளைகள் என்னை "நரி மாமா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அன்பாக என்று நினைத்துக்கொண்டேன்.

5

கடைசி நாள். கடுகு எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத் தலைமை ஆசிரியையே வந்திருந்தார். குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் கடுகின் அம்மா, வேலைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

நரி கட்டையைக் கவ்வியது.

"எல்லாரும் ஓட்டுக்குள்ள!" என்றாள் அக்கா. பிள்ளைகள் தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார்கள். கடுகும்தான். மூச்சை இழுத்தாள், விட்டாள், வெளியே வந்தாள். எல்லாம் சரியாக. அக்காவின் முகத்தைப் பார்க்கணுமே!

கடுகு எழுந்து என்னிடம் வந்தாள். "குடு."

கோபத்தைக் கையால் காட்டாமல் வாயால் சொல்லவேண்டும் என்பதும் அக்கா பழக்கியதுதான். ஆனால் என் பிரதியில் நரி கொடுக்காது.

"மாட்டேன்," என்றேன் நரிக்குரலில்.

மறுபடியும் ஓட்டுக்குள் போனாள். மூச்சு. வெளியே. "குடு, ப்ளீஸ்."

"மாட்டேனே, மாட்டேனே!" இது பிரதியில் இல்லை. குரல் நன்றாக வந்துகொண்டிருந்தது, விட மனசில்லை.

கடித்துவிட்டாள். நரியின் கீழ்த்தாடையில். அதற்குள் இருப்பது என் கட்டைவிரல்.

6

(அடிக்குறிப்பு. பக்கத்தின் அடிவரை போகச் சோம்பல், இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நான் அலறியதும் நரிக்குரலில்தான். இலக்கியத்துக்கு இந்த அளவு விசுவாசமாக இருந்தவனை எனக்குத் தெரியாது.)

தலைமை ஆசிரியை எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, "கடிச்சிட்டா," என்றார்.

"மேடம், அவ கடிச்சது பொம்மையை," என்றாள் அக்கா.

"உள்ள ஆள் இருக்காரே!"

"அவளைப் பொறுத்தவரைக்கும் அது நரி, மேடம்."

"உங்க தம்பி நரியா மனுஷனா, அதை மட்டும் சொல்லுங்க." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

விதியை மீறிக் கடுகின் அம்மா உள்ளே ஓடிவந்தார். "சார், வலிக்கலை இல்ல சார்? எறும்பு கடிச்ச மாதிரிதானே இருந்துச்சு?" நாள் முழுக்க ஊசி குத்திக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது. இப்போது அதையே என்னிடம் கேள்வியாகக் கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, தாங்கமுடியாத பாவம்.

7

முடிவுகள்.

அ. "சேச்சே, வலிக்கவே இல்லை," என்கிறேன். அப்படியென்றால் ஆளைக் கடித்த கணக்கில் வராது என்று மேடம் ஒப்புக்கொள்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். ஆமையும்தான்.

ஆ. "வலிக்குது மேடம்," என்கிறேன். உண்மையைப் பேசிய பெருமையோடு நான் வீட்டுக்குப் போகிறேன். கடுகின் அம்மா

(இதை முடிக்க என்னால் ஆகவில்லை.)

இ. நரி திருந்திக் கட்டையைக்

(நேரமில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அது நடந்துவிட்டது.)

கட்டை கீழே விழுந்திருந்தது. கடுகு அதை எடுத்தாள். எடுத்தவள், நரியின் வாயில் மெதுவாகத் திரும்ப வைத்தாள். "இந்தா. நீயே வெச்சுக்கோ." பிறகு துணித் தாடையைத் தடவி, நரியின் பொத்தான் கண்களைப் பார்த்துக் கேட்டாள்.

"வலிக்குதா?"

கடித்த குழந்தை கடிபட்டவர் முகத்தைப் பார்த்து இதை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது என்பாள் அக்கா. கடுகு இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அக்காவின் கண் என்னிடம் கெஞ்சியது: பொய் சொல்லிடாதேடா. கடுகின் அம்மாவின் கண்ணும் கெஞ்சியது, பொய் சொல்லச் சொல்லி. வாசல் பக்கம் நின்ற மேடமும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தார்.

வலிக்கிறது என்றால் அவளுக்குப் பள்ளி இல்லை. வலிக்கவில்லை என்றால், கடித்தால் வலிக்காது என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகும்.

8

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. கையை இப்படிக் கொடுங்கள். நரியை மாட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் கீழ்த்தாடைக்குள் போகவேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டிபோட்டு அவள் உயரத்துக்கு வாருங்கள். அவளுக்குப் பொறுமை கம்மி, ஆனாலும் இன்று காத்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுபடியும் கேட்கிறாள், பாருங்கள்.

"வலிக்குதா?"